புயற்கூண்டு தோன்றிய வரலாறு

கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் எனப் பெயர் பெற்று, அந்நிலத்துக்குத் தெய்வமாக வருணன் கூறப்பெற்றமை தமிழிலக்கியம் பயின்றோர் அனைவரும் அறிந்ததே. காற்றை ஏவல்கொண்டு கடலிற் கலம் செலுத்திய முன்னோன் ஒருவனின் வழித்தோன்றலாகக் கரிகாற் சோழனைப் புறநானூறு போற்றுகிறது. ஆயினும் ஏவல் கேட்ட அக்காற்றே ஏவலை மீறி எழும் நாளும் உண்டு. அவ்வாறு எழுந்த காற்றைத் தமிழர் சூறாவளி என்றனர். 'வளி' என்பது காற்று. 'சூறை' என்பது சுழன்றடிக்கும் காற்று. கொள்ளையிடுதலையும் அச்சொல்லே குறிக்கும். சுழன்று வருதலும், மக்கள் உடைமையைச் சூறையாடிச் செல்லுதலும் ஆகிய இரு இயல்புகளும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. இன்று நாம் பெரிதும் வழங்கும் 'புயல்' என்னும் சொல்லோ பண்டைய நூல்களில் மேகத்தையும் மழையையும் குறித்தது. கடுங்காற்றைக் குறித்தல் பிற்கால வழக்கு.

சொல்லாராய்ச்சி இவ்வளவில் நிற்க. இக்கட்டுரை எழுதக் காரணமாய் அமைந்தது நூல் அன்று; தொலைபேசியில் வந்த ஒரு வினா.

2020-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் காலை. ஆம்பன் என்று பெயரிடப்பெற்ற பெரும்புயல் வங்கக் கடலில் வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்தது. நோய்த்தொற்றின் காரணமாக ஊரடங்கு நிலவிய காலம் அது. கொல்கத்தாவின் தெருக்கள் முன்னமே வெறிச்சோடிக் கிடந்தன. நாகப்பட்டினத்திலிருந்து எங்கள் பெரியப்பா தொலைபேசியில் அழைத்தார். துறைமுகக் கொடிமரத்தில் புயற்கூண்டு ஏற்றும் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நலம் விசாரிக்கவில்லை. "தம்பி, அங்கே எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்கு?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி.

எமக்கு விடை தெரியவில்லை. நாகையில் பிறந்தவர் எவர்க்கும் கூண்டின் எண் மனப்பாடம்; கொல்கத்தாவில் குடியேறி இருபதாண்டு கழிந்தபின் அவ்வழக்கம் நம்மை விட்டு நீங்கியிருந்தது. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னர், 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, இங்கிருந்து நாம் அழைத்தோம். மூன்று நாள் அங்கே மணி ஒலிக்கவே இல்லை. இப்போது அவர்கள் அழைக்கிறார்கள், நாம் காத்திருக்கிறோம். வங்கக் கடலின் தென்மேற்குக் கரையில் பிறந்து வடகரையில் பிழைப்பு நடத்தும் நம் போன்ற குடும்பங்களுக்கு அக்கடல் எப்பக்கம் சீறினாலும் கவலை ஒன்றே.

பெரியப்பாவின் வினாவுக்கு விடை தேடப் புகுந்த நமக்கு ஓர் உண்மை புலப்பட்டது. அவர் நாகையில் தம் கையால் ஏற்றிய கூண்டின் முன்னோடி தோன்றியது, நாம் வாழும் இதே கொல்கத்தாத் துறைமுகத்தில்தான். அது தோன்றுவதற்கு முன் ஆற்றிலும் கடலிலும் மாண்டோர் பல்லாயிரவர். அவ்வரலாற்றைச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கப்பற் குறிப்பேடுகளும் ஒரு முன்னாள் மாலுமியும்

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், புயல் என்பது ஒரு திசையிலிருந்து மறு திசைக்கு நேராகப் பாயும் பெருங்காற்று என்றே மாலுமிகளுள் பலர் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை மாற்றப் பாடுபட்டவர்களுள் ஒருவர் ஹென்றி பிடிங்டன். ஆங்கிலேயரான இவர் வணிகக் கப்பலின் தலைவராக இருந்து, பின்னர் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டவர். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல்துறை நீதிமன்றத்தின் தலைவராகப் பணியாற்றியவர். 1838-இல் கர்னல் வில்லியம் ரீடு என்பார் புயல்களின் விதியைப் பற்றி எழுதிய நூல் இவரைப் பெரிதும் ஈர்த்தது. அடுத்த ஆண்டு முதற்கொண்டு வங்கக் கடலிலும் சுற்றுக் கடல்களிலும் எழுந்த புயல்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் தொடர்ந்து வெளியிட்டார்.

அவர் கையாண்ட முறை மிக எளியது. ஆனால் மிகுந்த பொறுமையை வேண்டுவது. ஒவ்வொரு கப்பலிலும் நாள்தோறும் குறிப்பேடு எழுதப்படும். இன்ன மணிக்கு இன்ன இடத்தில் இருந்தோம்; காற்று இத்திசையிலிருந்து வீசியது; பாரமானியின் அளவு இது என்றெல்லாம் அதில் பதியப்படும். புயலிற் சிக்கித் தப்பிவந்த கப்பல்களின் குறிப்பேடுகளைப் பிடிங்டன் ஒன்றுவிடாமல் திரட்டினார். ஒரே நாளில், ஒரே வேளையில், ஒரு கப்பல் வடகாற்றையும், மற்றொன்று கீழ்க்காற்றையும், வேறொன்று தென்காற்றையும் எழுதியிருக்கக் கண்டார். தனித்தனியே படித்தால் அவை ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். வரைபடத்தில் அக்கப்பல்கள் நின்ற இடங்களைக் குறித்து, காற்றின் திசைகளை அம்புகளாக வரைந்தபோது அம்புகள் அனைத்தும் சேர்ந்து ஒரு வட்டமாயின.

இதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று வியக்கத்தக்கது. 1845-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், சார்லஸ் ஹெடில் என்னும் பாய்மரக் கப்பல் மொரீசியசுத் தீவுக்கு அருகே புயலிற் சிக்கியது. கப்பல் தலைவர் காற்றின் போக்கிலேயே கலத்தை ஓடவிட்டார். ஐந்து நாள் ஓடியது. 1300 மைலுக்கு மேல் ஓடிய அக்கலம், முடிவில் புறப்பட்ட இடத்திலிருந்து 350 மைல் அளவே விலகியிருந்தது! செக்கைச் சுற்றும் மாடு போல அது புயலின் நடுவிடத்தை ஐந்து முறை சுற்றி வந்திருக்கிறது. புயல் சுழல்கிறது என்பதற்கும், சுழன்றுகொண்டே இடம் பெயர்கிறது என்பதற்கும் இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

1848-இல் பிடிங்டன் மாலுமிகளுக்கென ஒரு கைந்நூல் வெளியிட்டார். ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகள் இரண்டு அந்நூலோடு வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் வட்டங்களும் காற்றின் திசைகளும் வரையப்பெற்றிருந்தன. கடல் வரைபடத்தின்மேல் தகட்டை வைத்து, தன் கப்பலில் வீசும் காற்றின் திசையோடு பொருத்திப் பார்த்தால், புயலின் நடுவிடம் எப்பக்கம் உள்ளது, எப்பக்கம் விலகி ஓடவேண்டும் என்பதை எழுத்தறிவு குறைந்த மாலுமியும் அறிந்துகொள்ளலாம். சுழலும் இக்காற்றுக்கு 'சைக்ளோன்' என்னும் பெயரையும் அவரே சூட்டினார். வட்டத்தையும் பாம்பின் சுருளையும் நினைந்து கிரேக்க மொழியிலிருந்து ஆக்கிய சொல் அது. உலகெங்கும் இன்று வழங்கும் அச்சொல் கல்கத்தாவிற் பிறந்தது. 'சூறை' என்று வழங்கிய தமிழ் மக்களின் கண்ணும், குறிப்பேடுகளைப் படித்த அவ்வாராய்ச்சியாளரின் கண்ணும் கண்டது ஒன்றே அன்றோ?

உறங்கிய கடிதம்

ஹூக்ளி ஆற்றில் மணல் மேடிட்டுக்கொண்டே வந்தது. கல்கத்தாத் துறைமுகம் ஒருநாள் பயனற்றுப் போய்விடுமோ என்னும் அச்சம் வணிகரிடையே பரவியது. நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 30 மைல் தொலைவில், சுந்தரவனப் பகுதியில் மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் ஒன்றை அமைக்கலாம் என்னும் எண்ணம் உருவாயிற்று. 1853-இல் பிடிங்டன் அப்போதைய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபுவுக்கு வெளிப்படையான கடிதம் ஒன்றை எழுதினார். அவ்விடம் கடலுக்கு மிக அருகில் உள்ளது. புயலின்போது காற்று மட்டுமன்றிக் கடலே எழுந்து உள்ளே வரும். என்றேனும் ஒருநாள் அவ்வலை துறைமுகத்தையும் நகரையும் வாரிச் செல்லும் என்பது அக்கடிதத்தின் சாரம்.

கடிதம் போய்ச் சேர்ந்தது, படிக்கவும் பட்டது. ஆயினும் திட்டம் நிற்கவில்லை. பிடிங்டன் 1858-இல் காலமானார். மாத்லாக் கரையில் துறைமுகம் எழுந்தது. கானிங் பிரபுவின் பெயர் அதற்கு இடப்பெற்றது. கல்கத்தாவிலிருந்து புகைவண்டிப் பாதையும் போடப்பட்டது.

அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்வோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். முறையாக வந்த குறிப்பு ஒன்றைப் படித்து, ஓரத்தில் 'பார்க்கப்பட்டது. கோப்பில் வைக்கவும்' என்று எழுதிக் கையொப்பமிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். அக்குறிப்பு சொன்னது மெய்யா பொய்யா என்பது பிறகு எவருடைய கவலையும் அன்று. நாமும் அவ்வாறு எழுதியதுண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

ஆசுவின மாதத்துப் புயல்

1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், புதன்கிழமை. வங்காளிகளுக்கு ஆசுவின மாதம், வளர்பிறைப் பஞ்சமி. துர்க்கா பூஜைக்கு நகரம் ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளை.

அப்புயல் சில நாட்களுக்கு முன்னர் அந்தமான் தீவுகளுக்கு மேற்கே உருவாகி, வடமேற்காக நகர்ந்து வந்தது. வழியிற் சென்ற கப்பல்களின் பாரமானிகள் இறங்கின; காற்று திசை மாறி மாறி வீசியது; அவற்றையெல்லாம் மாலுமிகள் குறிப்பேட்டில் எழுதினர். ஆனால் எழுதியது எழுதிய இடத்திலேயே இருந்தது. கம்பியில்லாத் தந்தி பிறவாத காலம். நடுக்கடலில் நின்ற கப்பலுக்குக் கரையோடு பேச வழியில்லை. அந்தமானுக்கும் கல்கத்தாவுக்கும் தந்தி இணைப்பும் அன்று இல்லை. கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் வரை 1851-இலேயே தந்திக்கம்பி போடப்பட்டிருந்தது மெய்தான். கம்பி இருந்தது, அதன்வழி வானிலைச் செய்திகளைத் தொகுத்து எச்சரிக்கை விடுக்கும் அலுவலகம் ஒன்று இல்லை.

புதன்கிழமை முற்பகலில் புயல் ஹூக்ளி முகத்துவாரத்தின் மேலைக் கரையில், மேதினிபுரி மாவட்டத்துக் கடலோரத்தில் ஏறியது. காற்றுக்கு முன்னால் கடல் எழுந்தது. புயலின் நடுவிடத்தில் காற்றழுத்தம் குறைவதால் நீர்மட்டம் சிறிது உயரும். ஆனால் பேரழிவுக்கு முதற்காரணம் அதுவன்று. பல மணி நேரம் ஒரே பக்கமாக வீசும் பெருங்காற்று கடல் நீரைக் கரை நோக்கித் தள்ளிக்கொண்டே வரும். வங்கக் கடலின் வடபகுதி ஆழம் குறைந்தது. புனலின் வாய்போல் குறுகுவது. தள்ளப்பட்ட நீருக்குப் பக்கங்களில் ஒதுங்க இடமில்லை. கீழே இறங்க ஆழமில்லை. ஆதலின் மேலே எழுந்து நிலத்தின்மேல் ஏறுகிறது. ஆற்றின் வாய் திறந்திருந்தால் அதன் வழியே உள்நாட்டுக்கும் போகிறது.

அன்று அவ்வாறே நிகழ்ந்தது. சாகர் தீவில் வாழ்ந்த 5000-க்கும் மேற்பட்ட மக்களுள் எஞ்சியோர் 1500 பேருக்கும் குறைவு. அங்கிருந்து கடல் ஹூக்ளியின் இரு கரைகளையும் மூழ்கடித்துக்கொண்டு மேலேறியது. மண் அணைகள் உடைந்தன. ஊர்கள் இருந்த இடம் தெரியாமற் போயின.

கல்கத்தாவில் பிற்பகலிற் காற்று உச்சத்தை அடைந்தது. புயலின் நடுவிடம் நகருக்குச் சற்று மேற்கே சென்றது. துறைமுகத்தில் கப்பல்கள் சங்கிலி அறுந்து, ஒன்றன்மேல் ஒன்று மோதிக் கரையில் ஏறிக் கிடந்தன. பதிவான 195 கப்பல்களில் 36 முற்றிலும் அழிந்தன, 97 கடுஞ்சேதமுற்றன, 39 சிறு சேதமுற்றன, ஊறின்றித் தப்பியவை 23 மட்டுமே. நகரிலும் சுற்றுப்புறத்திலும் 40000-க்கும் மேற்பட்ட குடிசைகள் தரைமட்டமாயின.

ஆயினும் உயிர்ச்சேதம் பெரும்பாலும் நகரில் நிகழவில்லை. நகருக்கு உணவளித்த ஆற்றோரச் சிற்றூர்களில் நிகழ்ந்தது. மாண்டோர் தொகையை 50000 முதல் 60000 வரை மதிப்பிடுவர். அலையில் தப்பியோருள்ளும் பலர், குளங்கள் உவர்நீராகிக் குடிநீரின்றி நோயுற்று மடிந்தனர். காற்றால் இறந்தோர் சிலர். கடலால் இறந்தோரே பலர் என்பது பிடிங்டன் எழுதிய கடிதத்துக்கு வந்த முதற் பதில் எனலாம்.

ஒரு மாதம் கழியுமுன், நவம்பர் முதல் நாள், மசூலிப்பட்டினத்தில் மற்றொரு புயல் கரையேறியது. அங்கும் கடல் பொங்கி ஏறத்தாழ 30000 பேரைக் கொண்டுசென்றது. 1867-ஆம் ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் வந்த வேறொரு புயலின் அலை கானிங் துறைமுகத்திற் புகுந்தது. பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பிக் கட்டிய நிலையமும் கிடங்குகளும் சிதைந்தன. வணிகமும் எதிர்பார்த்தபடி பெருகாமையால் 1870-களின் தொடக்கத்தில் துறைமுகம் கைவிடப்பட்டது. இன்று சியால்தாவிலிருந்து கானிங்குக்கு நாள்தோறும் மின்சார ரயில்கள் செல்கின்றன; அப்பாதை ஏன் போடப்பட்டது என்பதை நினைப்பார் இலர்.

அழிவிலிருந்து எழுந்த அலுவலகம்

1864-ஆம் ஆண்டுப் புயலைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை எழுதியவர்கள் இருவர். ஒருவர் நில அளவைத் துறையைச் சேர்ந்த கர்னல் காஸ்ட்ரெல். மற்றொருவர் கல்கத்தா மாநிலக் கல்லூரியின் ஆசிரியர் ஹென்றி பிளான்போர்டு. பிடிங்டனைப் போலவே இவர்களும் கப்பற் குறிப்பேடுகளைத் திரட்டினர். கரையோர ஊர்களின் செய்திகளைத் தொகுத்தனர். புயல் நடந்த வழியை நாள்தோறும் வரைந்தனர். அறிக்கை 1866-இல் வெளியாயிற்று.

அதற்கு முன்னரே, 1865-இல், கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தரும் ஏற்பாடு தொடங்கப்பெற்றது. இந்தியத் துறைமுகங்களுள் இத்தகைய ஏற்பாட்டை முதலிற் பெற்றது கல்கத்தாவே. 1875-இல் நாடு முழுமைக்குமாக இந்திய வானிலைத் துறை நிறுவப்பெற்றபோது பிளான்போர்டே அதன் முதல் தலைவரானார். சென்னை வானாய்வுக் கூடத்தில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டு வந்தன. அத்தகைய சிதறிய பதிவுகளெல்லாம் ஒரே முறைக்குள் வரத் தொடங்கின. அத்துறையின் தலைமையகம் கல்கத்தாவிலிருந்து 1905-இல் சிம்லாவுக்கும், 1928-இல் புனேக்கும், 1944-இல் தில்லிக்கும் சென்றது. இடமாற்றம் நம்மைப் போன்ற மத்திய அரசு ஊழியர்க்கே உரியது என்று வருந்த வேண்டா. அலுவலகங்களுக்கும் அது விதிக்கப்பட்டிருக்கிறது!

துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறுபட்டிருந்த எச்சரிக்கைக் குறிகள் 1898-இல் எல்லா இந்தியத் துறைமுகங்களுக்கும் ஒரே சீராக்கப்பெற்றன. கொடிமரத்திற் பகலில் கூம்பும் உருளையுமான உருவங்களை ஏற்றுவர்; இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளை ஏற்றுவர். இவற்றையே நம் கடற்கரை மக்கள் 'கூண்டு' என்கின்றனர். முதல் இரண்டு எண்கள் தொலைவில் உள்ள காற்றழுத்தத் தாழ்வையும் புயலையும் அறிவிப்பன. 3, 4 ஆகியவை அவ்விடத்துக்கே உரிய முன்னெச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். புயல் துறைமுகத்துக்கு இடப்புறமாகக் கடக்குமா, வலப்புறமாகக் கடக்குமா, அல்லது அருகிலேயே கடக்குமா என்பதையும் இவ்வெண்கள் உணர்த்தும். எழுதப் படிக்கத் தெரியாத மீனவரும் தொலைவிலிருந்தே படிக்கக்கூடிய எழுத்து இது. பிடிங்டனின் கொம்புத் தகட்டுக்கு வாரிசு இக்கூண்டு என்று சொன்னால் அது மிகையாகாது.

எச்சரிக்கைக்குக் கால்கள் வேண்டும்

அலுவலகம் தோன்றியதும் அழிவு நின்றுவிட்டதா எனின், இல்லை. துறை நிறுவப்பெற்று ஓராண்டே ஆன 1876-இல், அக்டோபர் 31-ஆம் நாள் இரவில் மேக்னா ஆற்றின் முகத்துவாரத்தில் பாக்கர்கஞ்சுப் புயல் ஏறியது. இன்று வங்காளதேசத்தில் உள்ள அப்பகுதியில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அலையில் மாண்டனர். ஏறத்தாழ அதே அளவினர் பின்வந்த காலராவாலும் பிற நோயாலும் மாண்டனர். கல்கத்தாவில் எச்சரிக்கை முறை இருந்தது. மேக்னாவின் மணல்தீவுகளில் வாழ்ந்த உழவர்க்கு அதைச் சொல்வார் இல்லை. துறைமுகக் கூண்டு கப்பலைக் காப்பாற்றும். குடிசையைக் காப்பாற்ற அதற்குக் கண் எட்டவில்லை.

கல்கத்தாப் புயலுக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவில், தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணியர் ரயில் இருளில் அலைவாய்ப்பட்டு, அதிலிருந்தோர் அனைவரும் மாண்ட செய்தியை நம் வீட்டு முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

பின்னர்க் கருவிகள் பெருகின. 1970-இல் விசாகப்பட்டினத்தில் புயலைக் கண்டறியும் ரேடார் நிறுவப்பெற்றது. 1983-இல் ஏவப்பெற்ற இன்சாட்-1பி செயற்கைக்கோள் வானத்திலிருந்து புயலைப் படம் பிடித்தனுப்பியது. ஆயினும் 1999 அக்டோபர் 29-ஆம் நாள் ஒடிசாவில் பாரதீப் அருகே கரையேறிய பெரும்புயலில் ஏறத்தாழ 10000 பேர் உயிரிழந்தனர். புயல் வருவது தெரிந்திருந்தது. மக்கள் ஓடிச் சென்று ஒதுங்கப் போதிய காப்பிடங்கள் இல்லை. ஊர் ஊராகச் சென்று அழைத்துவரும் ஏற்பாடும் போதவில்லை.

அம்மாநிலம் அத்துன்பத்திலிருந்து பாடம் கற்றது. கடலோரமெங்கும் தூண்கள்மேல் உயர்ந்த காப்பிடங்கள் கட்டப்பெற்றன. எந்த ஊர் எந்தக் காப்பிடத்துக்குச் செல்லவேண்டும், முதியோரை யார் தூக்கிவர வேண்டும் என்பதெல்லாம் முன்னரே எழுதி வைக்கப்பெற்றன. 2013 அக்டோபர் 12-ஆம் நாள் பைலின் புயல் கோபால்பூர் அருகே ஏறியபோது ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர். இறந்தோர் 50-க்கும் குறைவு. காற்றின் வேகம் குறைந்ததால் கிடைத்த பயன் அன்று இது. எழுதிய எச்சரிக்கைக்குக் கால் முளைத்துக் கடைசிக் குடிசை வரை நடந்துசென்றதால் கிடைத்த பயன்.

அதே கரை, அதே கடல்

இனி ஆம்பன் புயலுக்கு வருவோம். 2020 மே 16-ஆம் நாள் வங்கக் கடலின் தென்கிழக்கில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக அது அறிவிக்கப்பெற்ற நாள் முதல், வானிலைத் துறையின் அறிக்கைகள் தொடர்ந்து வந்துகொண்டேயிருந்தன. அகலக்கோடும் நெடுங்கோடும் நகரும் வேகமும் கொண்ட அவ்வறிக்கைகளை எங்கள் மகன் சுவரில் மாட்டிய வரைபடத்தில் புள்ளியிட்டு வந்தான். 18-ஆம் நாள் அது மிகக் கடும்புயலாயிற்று. மேற்கு வங்கக் கடலோரத்திலிருந்து லட்சக்கணக்கான மக்கள், நோய்த்தொற்று அச்சத்துக்கு இடையிலும், காப்பிடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். 20-ஆம் நாள் பிற்பகலில் சுந்தரவனத்தையொட்டி, பக்காலிக்கு அருகே புயல் கரையேறத் தொடங்கியது. 1864-இல் கடல் எழுந்து விழுங்கிய சாகர் தீவுக்கு அவ்விடம் மிக அண்மையது.

மாலையில் கொல்கத்தாவில் மணிக்கு 110 கிலோமீட்டருக்கும் மேலான காற்று வீசியது. மின்சாரம் போயிற்று. தரைத்தளத்தில் இருந்த எங்கள் வாடகை வீட்டினுள் முழங்கால் அளவு நீர் புகுந்தது. தெருமுனையில் நின்ற பழைய வேப்பமரம் வேரோடு சாய்ந்த ஓசையைக் கேட்டோம். இருளில் அது எதன்மேல் விழுந்தது என்று தெரியவில்லை. மறுநாள் கல்லூரித் தெருவில் புத்தகங்கள் நீரில் மிதந்த காட்சியை நாடே கண்டு வருந்தியது. மரங்கள் ஆயிரக்கணக்கில் வீழ்ந்தன, சுந்தரவனத்து வயல்கள் உவர்நீரிற் கெட்டன, வீடிழந்தோர் பலர். அவர்கள் துயரத்தை நாம் சிறிதாக எண்ணவில்லை. எனினும் மேற்கு வங்கத்தில் உயிரிழந்தோர் தொகை நூறைத் தாண்டவில்லை. 1864-இல் இதே கரையில் இதே கடல் கொண்ட உயிர்கள் 50000-க்கும் மேல். மக்கள்தொகையோ அன்று இன்றைக்கு மிகக் குறைவு.

இவ்விரண்டு எண்களுக்கும் இடையே இருப்பது என்ன? தம் கலம் மூழ்குமோ என்னும் நிலையிலும் காற்றின் திசையைக் குறிப்பேட்டில் எழுதிய மாலுமிகள், அக்குறிப்பேடுகளைத் திரட்டிப் படித்தவர்கள், தந்தி அடித்தவர்கள், கூண்டு ஏற்றியவர்கள், மழையில் நனைந்துகொண்டு வீடு வீடாகக் கதவு தட்டியவர்கள். இவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

இரண்டு நாள் எங்கள் தொலைபேசி இயங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில்தான் நாகைக்குப் பேச முடிந்தது. பெரியப்பா முதல் மணியிலேயே எடுத்தார். அனைவரும் நலம் என்று கேட்டபின் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பத்துக்கு மேலே இன்னொரு கூண்டு இருக்கு தம்பி, பதினொண்ணு. அது பெரிய காத்துக்கு ஏத்தறது இல்லே. ஆபீஸிலேருந்து சேதி வர்ற வழியே அத்துப்போச்சுன்னா ஏத்தறது. ரெண்டு நாளா எனக்கு அந்தக் கூண்டுதான் கண்ணுக்கு முன்னாலே நின்னுச்சு."

அவர் கூறியது முற்றிலும் மெய். எண்களின் வரிசையில் இறுதியாக நிற்கும் 11, வானிலை அலுவலகத்தோடு தொடர்பு அறுந்தது என்பதை அறிவிக்கும் குறி. பெரும் அபாயத்துக்குரிய பத்தாம் எண்ணுக்கும் அப்பால் அதை வைத்தவர்கள் அறிந்தே வைத்தனர் போலும். 1864-இல் வங்கக் கரை முழுவதும் ஏற்றியிருந்தது, கண்ணுக்குத் தெரியாத அப்பதினோராம் எண்தான்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இதில் ஒரு செய்தி உண்டு. மேசைக்கு வரும் குறிப்பு எதுவாயினும், அது யாரோ ஒருவரின் குடிசைக்குப் போய்ச் சேரவேண்டியது என்பதை மறவாதிருப்போம். கடலோரத்தில் உள்ள நம் முதியோர் அழைக்கும்போது, கூண்டின் எண்ணைச் சொல்லத் தெரிந்துவைத்திருப்போம். எங்கள் வீட்டில் வரைபடம் இன்னும் சுவரில் இருக்கிறது. அக்டோபர் பிறந்ததும் அதன் அருகே புதிய பென்சில் ஒன்று கட்டித் தொங்கவிடப்படுகிறது.